தளபதி சாகாத வார்டு

ஷியாங் வென்ஹுய்க்குத் தொழில், கால்சட்டையைக் குட்டையாக்குவது. லெஷான் நகரத்தில், காய்கறிச் சந்தைக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே, ஒரு தையல் மெஷினும் ஒரு ஸ்டூலும் போட்டால் நிறைந்துபோகிற இடத்தில் உட்கார்ந்து, வெகுகாலமாக ஊராரின் கால்சட்டைகளை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். நீளமாக எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை பரபரக்கும். கால்சட்டை என்றால் கத்தரி இருந்தது. டிவித் தொடர் என்றால் வாய் இருந்தது.

சரித்திரத் தொடர் ஒன்றையும் விடமாட்டாள். நூல்கண்டின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கால் மெஷினை மிதிக்க, கண் அரண்மனையில் இருக்க, வாய் மட்டும் கதை எழுதியவனின் பரம்பரையை விசாரித்துக்கொண்டிருக்கும். திட்டுவதற்காகவே பார்க்கிறாள் என்று சந்தையில் சிலர் சொல்வதுண்டு. அது அபாண்டம். பார்த்தாள், அதனால் திட்டினாள். சாப்பிட்டால் ஏப்பம் வருவதில்லையா?

எங்கள் ஊரில் போனில் தொடர் பார்ப்பவர்கள் பார்த்துக்கொண்டே கருத்து எழுதலாம். எழுதிய வரி அடுத்த நொடியே திரையின் குறுக்கே எல்லோர் கண்ணிலும் படும்படி ஓடும். ராணி அழுதுகொண்டிருப்பாள், அவள் நெற்றியின்மேல் யாரோ ஒருவனுடைய கருத்து ஓடும். வென்ஹுய் அங்கே 'கத்தரி' என்ற பெயரில் எழுதினாள். அவள் வரிகளுக்காகவே தொடர் பார்த்தவர்கள் உண்டு.

"ஒருத்தன் கதவுக்கு வெளிய நின்னு ஒட்டுக்கேக்குறான், சரி. எப்பவும் பாதிப் பேச்ச மட்டும் கேட்டுட்டு ஓடுறானே, மீதிய யாரு கேக்குறது? உங்கப்பனா?"

"இந்தக் குதிர அதே மரத்த மூணாவது தடவ தாண்டுது. கத எழுதுனவனுக்குத்தான் வழி தெரியல, குதிரைக்குமா?"

"மலையுச்சியிலேர்ந்து விழுந்தவன் செத்தான்னு ஒருத்தனாவது எழுதுங்கடா. பாறைக்கு ஒரு மரியாத வேணாமா?"

அவளுக்குக் கதையில் பிடிக்காதவை மூன்று. ஜவ்வாக இழுப்பது, சொன்னதையே நினைவுக்காட்சி போட்டுத் திரும்பச் சொல்வது, செத்தவனை எழுப்பிக் கூட்டிவருவது. கடைசியாகச் சொன்னதைச் செய்கிறவனை ஆற்றில் தள்ள வேண்டும் என்பது அவளுடைய முடிவான கருத்து. கொல்ல வேண்டியவனைக் கொல்லத் துணியாதவன் எதற்காகப் பேனாவைத் தொடுகிறான் என்று கேட்பாள்.

அவள் புருஷன் பெங் தாவ்ஷூ நேர் எதிர். அவருக்குக் கருத்தே கிடையாது. பொண்டாட்டி சொல்வதைக் கேட்டு நடக்கிறவனை எங்கள் பக்கத்தில் 'மெத்துக் காதுக்காரன்' என்பார்கள். சந்தையில் பெங் பெயரைச் சொன்னால் தெரியாதவர்கள்கூட 'மெத்துக் காது' என்றால் கடையைக் கைகாட்டுவார்கள். வாத்துக்கு வெல்லப்பாகு ஊற்றிப் பொரிக்கிற கடையில் அடுப்புக்காரர். தோலின் நிறம் தேன் நிறத்திலிருந்து ஜாதிக்காய் நிறத்துக்கு மாறுகிற அந்த ஒரு கணத்தில் எண்ணெயிலிருந்து வாத்தைத் தூக்குவதுதான் அவர் வேலை. அதைப் பார்க்க அவரிடம் இருந்தது ஒரே கண். வலது கண் சின்ன வயதில் புத்தாண்டுப் பட்டாசு தெறித்துப் போனது; அது வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் சொல்லும்.

அந்த இலையுதிர் காலத்தில் ஊர் முழுக்க 'ஏழாம் கோட்டைவாசல்' பார்த்துக்கொண்டிருந்தது. வடக்கு எல்லைக் கோட்டையைக் காக்கிறான் தளபதி ஹெலியான். உள்ளே அரண்மனையில் முதுமந்திரி சதி செய்கிறான். நடுவில் ஒரு விடலைப் பையன் ராஜா, சமையற்காரன் முதல் சவரக்காரன் வரை எல்லோரையும் நம்புவான், தளபதியை மட்டும் நம்பமாட்டான். தளபதி என்றால் பெங்குக்கு உயிர். ஒவ்வொரு எபிசோடிலும் தளபதி நல்லது செய்வான், யாரும் நம்பமாட்டார்கள், பெங் சூரியகாந்தி விதையை வாயில் வைத்தபடி கடிக்க மறந்து உட்கார்ந்திருப்பார். ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால், "நல்லவன்ல" என்பார். அவ்வளவுதான் அவருடைய விமரிசனம்.

ஒருநாள் கேட்டார்: "வென்ஹுய், கோட்டைக்குக் கீழ் ஓரத்துல ஏன் கருப்பா இருக்கு?"

இப்போதெல்லாம் படம் முழுக்கச் சாம்பல் பூசி இருட்டாக எடுப்பது டைரக்டர்களுக்கு ஒரு கௌரவம். வென்ஹுய் டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுதான் இப்ப ஃபேஷன். வெளக்குக் காசு மிச்சம்."

மறுநாள், "இன்னிக்கு இன்னும் ஏறியிருக்கு. அந்த மந்திரி இடுப்புக்குக் கீழ தெரியவேயில்ல" என்றார்.

"அவன் சதி பண்றான்ல? அதுக்கு அடையாளமா இருட்டு ஏறுதாம். கத சொல்லத் தெரியாதவன் வெளக்கத்தான் அணைப்பான்" என்று விளக்கினாள் வென்ஹுய். புருஷன் முதல்தடவையாக ஒரு கருத்துச் சொல்லியிருக்கிறானே என்ற பெருமையில் அன்றைக்கே எழுதியும் போட்டாள்: "கீழ் ஓரம் பூரா இருட்டு. படம் எடுக்குறீங்களா, பட்டாணி அவிக்கிறீங்களா?" எந்த இருட்டு என்று நூறு பேர் கேட்டார்கள். டிவியைத் துடைக்கச் சொன்னார்கள். எல்லாம் தயாரிப்பாளரிடம் கூலி வாங்கிக்கொண்டு எழுதுகிற கும்பல் என்று அவள் ஒதுக்கித் தள்ளினாள்.

அதற்கும் அடுத்த நாள் விளம்பரம் வந்தபோது பெங் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு, "வென்ஹுய், ஜன்னலுக்கும் அதே டைரக்டர்தானா?" என்று கேட்டார்.

அவள் கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது.

பெரியாஸ்பத்திரியில், விழித்திரை பிரிந்துவிட்டது என்றார்கள். அன்றே ஆபரேஷன். எங்கள் ஊர் டாக்டர்கள் பெரிய விஷயத்தை நோயாளியிடம் பேசமாட்டார்கள். குடும்பத்தாரைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்வார்கள். குடும்பத்தார் அதற்குச் சர்க்கரை தடவி உள்ளே எடுத்துப் போவார்கள். அதுதான் மரியாதை, அதுதான் பாசம் என்று எல்லோருக்கும் எண்ணம். டாக்டரம்மா வென்ஹுயை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"கண்ணுக்குள்ள ஒரு காத்துக் குமிழ் விட்டிருக்கோம். அவர் குப்புறப் படுத்தாத்தான் அது மேல எழும்பி, பிரிஞ்ச எடத்த அழுத்தி ஒட்டவைக்கும். ரெண்டு வாரம். சாப்புட, கக்கூசு போக மட்டும் எழுந்துக்கலாம், அப்பவும் தல குனிஞ்சே இருக்கணும்."

"ஒட்டிக்கும்ல?"

"பாதிக்குப் பாதி. தலயத் தூக்கிட்டே இருந்தா அதுவும் கெடையாது." டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினாள். "ரெண்டு மூணு நாள் முன்னாடி வந்திருந்தா நல்லாருந்திருக்கும்."

வென்ஹுய்க்குப் பட்டாணி அவிக்கிறீர்களா என்று தான் எழுதியது ஞாபகம் வந்தது. நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் புருஷனிடம், "டாக்டரம்மா சொல்லிட்டாங்க. குப்புறப் படுத்தா நூத்துக்கு நூறு ஒட்டிக்குமாம்" என்றாள். டாக்டர் சொன்னதில் வேண்டாத பாதியை வெட்டிவிட்டாள். வெட்டியது தெரியாமல் தைப்பதில் அவளுக்கு நிகர் இல்லை.

அந்த வார்டில் மூன்று கட்டில்கள். மூன்றிலும் ஆம்பிளைகள், நடுவில் ஓட்டை போட்ட தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, முதுகைக் காட்டிக் கிடந்தார்கள். ஜன்னல் பக்கம் சோவ் வாத்தியார், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். கதவுப் பக்கம் ஷியாவ்ஹூ என்ற பையன், பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். கூடைப்பந்து ஆட்டத்தில் யாரோ முழங்கையால் கண்ணில் குத்திவிட்டான். கை முழுக்க டிராகனைப் பச்சை குத்தியிருந்தான். நடுவில் பெங்.

நாளெல்லாம் அடுப்படியில் நின்று வாத்துப் பொரித்த மனிதரைக் குப்புறப் போட்டால் எத்தனை நேரம் கிடப்பார்? மத்தியானத்துக்குள் பத்துத் தடவை தலையைத் தூக்கிவிட்டார். நர்ஸ் துவான் வந்து, "மாமா, தல!" என்பாள். "ஆங், ஆங்" என்று புதைத்துக்கொள்வார். அவள் கதவைத் தாண்டுவதற்குள், "வென்ஹுய், மணி என்ன?" என்று தலை மேலே வரும்.

"மணி தெரிஞ்சு ஒனக்கு எந்த ரயில் போவுது? படு யா!"

"முடியல வென்ஹுய். தலையணையில இருக்கிற ஓட்ட வழியா தரையில கொஞ்சம் வெளிச்சம் தெரியுது. அதுல ஒரு நெழல். அத எவ்வளவு நேரம் பாக்குறது?"

"ஏழாம் கோட்டைவாசல் போடவா?" என்றாள். போன் பார்க்கக் கூடாது, காதால் கேட்கலாம் என்று டாக்டர் அனுமதி இருந்தது. போட்டாள். யாழ் வாசித்தார்கள். காற்று அடித்தது. "தளபதி..." என்றது ஒரு குரல். மறுபடி யாழ். "அரசே..." என்றது இன்னொரு குரல். அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை.

"என்ன ஆச்சு?" என்றார் பெங்.

"பாத்துக்கிட்டாங்க."

"யாரு?"

"ரெண்டு பேரும்."

"எப்படிப் பாத்துக்கிட்டாங்க?" தலை மேலே வந்துவிட்டது.

கண்ணை மூடிக் கேட்டால்தான் அந்தத் தொடரில் முக்கால்வாசி ஒருவரை ஒருவர் முறைப்பது என்பது தெரிகிறது. வென்ஹுய்க்கு அதைப் பற்றி எழுத விரல் துடித்தது. ஆனால் இப்போது அதுவா முக்கியம்? போனை அணைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "சரி, நானே சொல்றேன். தலயத் தூக்குன, நிறுத்திடுவேன்" என்றாள்.

சொல்ல எடுத்த முதல் எபிசோடை, தான் இத்தனை காலமும் எழுதுகிறவர்களுக்குப் புத்திமதி சொன்ன மாதிரியே சொன்னாள். "தளபதி கடுதாசி அனுப்புனான். முதுமந்திரி அத எரிச்சுட்டான். ராஜா நம்பல. முடிஞ்சுது." ஓர் ஆரஞ்சு உரித்துத் தின்னும் நேரம்கூட ஆகவில்லை.

"அவ்ளோதானா?" என்று பெங்கின் தலை எழுந்தது.

"அவ்ளோதான். மத்ததெல்லாம் ஜவ்வு."

"அந்த ஜவ்வத்தான் சொல்லேன்!"

அன்றைக்குத்தான் வென்ஹுய்க்கு ஒரு விஷயம் உறைத்தது. கதை முடிந்தால் தலை எழுந்துகொள்கிறது. கதை முடியாதவரை தலை கீழே இருக்கிறது.

அதன்பிறகு அவள் இழுத்த இழுப்பு இருக்கிறதே, அந்தத் தொடரை எழுதியவனே காலில் விழுந்திருப்பான். கடுதாசி கொண்டுபோகிற குதிரை வீரன் கோட்டையை விட்டுக் கிளம்பவே அரை மணி ஆயிற்று. குதிரைக்கு லாடம் கழன்றது. திரும்ப அடித்தான். ஆற்றில் வெள்ளம். காத்திருந்தான். அந்த மரத்தைத் தாண்டினான். பனி பெய்ததால் வழி தப்பி, அதே மரத்தை மறுபடியும் தாண்டினான். நேற்றுச் சொன்னதை இன்றைக்கு, "தளபதி நெனச்சுப் பாத்தான்" என்று ஆரம்பித்து முழுசாகத் திரும்பச் சொன்னாள். வெட்கமே இல்லை. பெங் கிடந்தார்.

கேட்கிறவர்களின் முகம் தெரியாமல் கதை சொல்வது லேசுப்பட்டதல்ல. முதுகு சிரிக்காது, முதுகு அழாது. சீக்கிரமே வென்ஹுய் கால் விரல்களைப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டாள். தளபதிக்கு ஆபத்து என்றால் பெங்கின் கட்டைவிரல் விறைத்து நிற்கும். ஷியாவ்ஹூவின் விரல்கள் இளவரசியும் அவளுடைய மெய்க்காவலனும் வந்தால் மட்டும் சுருண்டுகொள்ளும். வாத்தியாருக்கு ஏதாவது பிடிக்காவிட்டால் ஒரு காலை இன்னொரு காலின்மேல் போட்டுக்கொள்வார். முக்கால்வாசி நேரம் அப்படித்தான் இருந்தார்.

"கோட்டையில சிப்பாய்ங்க மொளகாப் போட்டு ஆட்டுக்கறி தின்னாங்க..." என்று அவள் ஒருநாள் இழுத்தபோது வாத்தியாரின் கால் மேலே ஏறியது.

"மொளகாயா? அந்தக் காலத்துல இந்த நாட்டுல ஏதும்மா மொளகா?"

"வாத்தியாரே, இது கற்பனை ராஜ்ஜியம்."

"கற்பனை ராஜ்ஜியமா இருந்தாலும் மொளகா கடல் தாண்டித்தான் வரணும். யாரு கொண்டாந்தா?"

"அத்தே, மொளகாய வுடுங்க. எளவரசி எங்க போனா? நேத்துத் தோட்டத்துல வுட்டீங்க, இன்னும் அங்கயேவா நிக்குறா? குளிராதா அவளுக்கு?" என்றான் ஷியாவ்ஹூ.

"நின்னா நிக்கட்டும்டா. கையில டிராகன் வச்சுக்கிட்டு எளவரசிக்கு ஏங்குற?"

"டிராகனுக்கு மனசு இல்லையா அத்தே?"

இப்படியே ஒருவர் மிளகாயைப் பிடுங்க, ஒருவன் காதலைக் கேட்க, வென்ஹுய்க்குத் தொண்டை வறண்டது. திரையில் ஓடுகிற வரிகளாவது ஓடிவிடும். இவர்கள் இங்கேயே படுத்துக் கிடந்தார்கள். 'ஏழாம் கோட்டைவாசலை' எழுதியவன் யாரோ எவனோ, அவன்மேல் அவளுக்கு முதல்முறையாகக் கொஞ்சம் இரக்கம் வந்தது. அவளுக்கே அது அவமானமாக இருந்தது.

இரண்டாவது வாரம் பிறந்தபோது அது நடந்தது. அன்றன்றைய எபிசோடை வென்ஹுய் சாயங்காலம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். அன்றைக்கு ராஜா தளபதிக்கு ஒரு கிண்ணத்தில் மது அனுப்பினான். விஷம். ராஜாவுக்குத் தெரியாது, ஊருக்கே தெரியும். எச்சரிக்க மூன்று பேர் மூன்று திசையிலிருந்து ஓடிவருகிறார்கள். தளபதி கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிலாவைப் பார்க்கிறான், பனியைப் பார்க்கிறான், ஓடிவருகிற ஒருத்தரை மட்டும் பார்க்கமாட்டேன் என்கிறான். குடித்தான். செத்தான்.

திரை முழுக்கக் கண்ணீராக வரிகள் ஓடின. துணிச்சலான கதை, இப்படியல்லவா எழுத வேண்டும் என்று சிலர் பாராட்டினார்கள். முன்பென்றால் வென்ஹுய்தான் முதலில் பாராட்டியிருப்பாள். கொல்ல வேண்டியவனைக் கொன்றிருக்கிறான். அவள் படிக்கட்டில் உட்கார்ந்தபடி, "பாவி, இன்னும் ஒரு வாரம் பொறுத்துக் கொன்னா ஒனக்கு என்னடா கொறஞ்சு போச்சு?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள்.

உள்ளே போனாள். மூன்று ஜோடிக் கால்கள் காத்திருந்தன.

"ராஜா ஒரு கிண்ணத்துல மது அனுப்புனான்" என்று ஆரம்பித்தாள். பெங்கின் கட்டைவிரல் எழுந்து நின்றது. அந்த விரலைப் பார்த்தாள். "அதுல வெஷம். ஆனா தளபதி என்ன கேணயனா? மோந்து பாத்தான். தரையில ஊத்துனான். கல்லு நொரச்சுப் போச்சு."

"அப்படிப் போடு!" என்றார் பெங் தலையணைக்குள்ளிருந்து.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வெளியே தளபதி மண்ணுக்குள்ளே; வார்டுக்குள்ளே குதிரையின்மேலே. உயிரோடு இருக்கிறவனை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தான் காலமெல்லாம் காறித் துப்பிய அத்தனையையும் வென்ஹுய் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். தளபதிக்கு ஓர் இரட்டைச் சகோதரன் முளைத்தான். இளவரசி ஆம்பிளை வேஷம் போட்டுக்கொண்டு சைனியத்தில் சேர்ந்தாள், காதில் தோட்டு ஓட்டை இருந்தும் எவனும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் முதுமந்திரியின் ஆட்கள் தளபதியை மலையுச்சியிலிருந்து தள்ளியே விட்டார்கள்.

"செத்துட்டானா?" என்றார் பெங். கட்டில் ஆடியது.

"மலையிலேர்ந்து விழுந்தவன் எவன்யா செத்திருக்கான்? கீழ மரம் இருக்குல்ல."

அன்று வாத்தியார்கூடக் காலை மேலே போடவில்லை.

மறுநாள் காலையில் மருந்து விட வந்த நர்ஸ் துவானின் கண்கள் வீங்கியிருந்தன. அவளுக்கு விடுமுறை முடிந்து அன்றுதான் வேலை. விடுபட்ட எபிசோடுகளை ஒரேயடியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பெங்கின் கண்ணில் மருந்தை விட்டுக்கொண்டே, "மாமா, ஒங்க தளபதி போயிட்டாரே! அந்த மதுவக் குடிக்கிறப்போ நான் எப்படி அழுதேன் தெரியுமா? மூணு நாளாச்சு, ஊரே இன்னும் அழுதுட்டிருக்கு" என்றாள்.

வென்ஹுய் அவள் பின்னாலிருந்து கையை ஆட்டினாள், உதட்டில் விரலை வைத்தாள், கும்பிடும் போட்டாள். நர்ஸுக்கு முதுகில் கண்ணா இருக்கிறது?

 முதலில் பேசியது வாத்தியார்.

"நர்ஸம்மா, நீ பாத்தது எங்கயோ திருட்டுத்தனமா வெளியான பிரதி. அதுல பாடபேதம் ஜாஸ்தி."

"இல்ல வாத்தியாரே, டிவியிலயே..."

"டிவியில ஆயிரம் சொல்லுவான்" என்று மடக்கினான் ஷியாவ்ஹூ. "தளபதி மரத்துல தொங்கிட்டிருக்காரு. நாங்க நேத்துதான் கேட்டோம்."

நாற்பது வருஷம் பையன்களுக்கு ஆதாரம், சான்று என்று பாடம் நடத்திய மனிதர், ஒரு தையற்காரியின் புளுகுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு குப்புறக் கிடந்தார். நர்ஸ் துவானுக்கு விஷயம் புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியே போனாள்.

 வென்ஹுய் ஸ்டூலில் உட்கார்ந்து பெங்கின் காலைப் பார்த்தாள். விரல்கள் அசையவில்லை.

"வென்ஹுய்."

"என்ன?"

"தளபதி செத்தாச்சா?"

"ம்" என்றாள்.

"வெஷத்தக் குடிச்சா?"

"ம். மூணு பேரு ஓடியாந்தானுங்க. ஒருத்தனையும் திரும்பிப் பாக்கல. முட்டாப்பய."

பெங் தலையைத் தூக்கப்போகிறார் என்று நினைத்து அவள் கையைக் கொண்டுபோனாள். அவர் தூக்கவில்லை. தலையணை ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்தே கேட்டார்: "டாக்டரம்மா நூத்துக்கு நூறுன்னு சொன்னாங்கன்னு சொன்ன. அதுவும் நீ சொன்னதுதானே?"

 பக்கத்துக் கட்டில்களில் இரண்டு முதுகுகளும் மூச்சுவிடாமல் கிடந்தன. மரம், இரட்டைச் சகோதரன், நுரைத்த கல், எதுவும் இப்போது வென்ஹுய்க்குக் கைகொடுக்கவில்லை. 

"பாதிக்குப் பாதின்னாங்க" என்றாள் கடைசியில். "அதுவும் தலயத் தூக்காம இருந்தா. முன்னாடியே வந்திருந்தா நல்லாருந்திருக்கும்னாங்க. மூணு நாளு டைரக்டரு டைரக்டருன்னு ஒளறி ஒன்ன உக்காத்தி வச்சவ நான்தான்." அதற்குமேல் அடக்க முடியாமல் அழுதாள். அரண்மனை ராணிகள் அழுகிற மாதிரி ஒரு சொட்டு, ஒரு கன்னம் என்று இல்லை; மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

பெங் கையைப் பின்னால் நீட்டித் தடவினார். கிடைத்தது அவள் முழங்கால். அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஓரத்துல இருட்டுன்னு மொதல்ல சொன்னது நான்தானே. என் வாழ்க்கையில நான் சொன்ன ஒரே கருத்து, அதுவும் தப்பாப் போச்சு." பிறகு சொன்னார்: "பாரு, தளபதி கதைய நீ ஒன் இஷ்டத்துக்குச் சொல்லு. செத்தவன எழுப்பு, என்ன வேணா பண்ணு. டாக்டர் சொல்றத மட்டும் அப்படியே சொல்லு. வெட்டாத. ஒட்டாத."

"சரி."

"மரத்துல தொங்குறான். அப்புறம்?"

அன்று முதல் பெங் தலையைத் தூக்கவே இல்லை. நர்ஸ் துவான் பழக்கதோஷத்தில் உள்ளே நுழையும்போதே "மாமா, தல!" என்பாள், பார்த்துவிட்டு அசடு வழிவாள். நூற்றுக்கு நூறு என்று நம்பியிருந்தவரை அலட்சியமாக இருந்த மனிதர், பாதிதான் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மூன்று பேருக்கும் கெடு முடிந்த நாளில் பெங்கைச் சோதனை அறைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டிலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். கண்ணில் கட்டு. டாக்டரம்மா வழக்கம்போல வென்ஹுயை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை நாளும் அவள் கதை சொன்ன முதுகுகளுக்கு முகங்கள் இருந்தன என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. பெங்கின் முன்னால் போய், வாத்தியாரிடம் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சொல்லு" என்றார் பெங்.

"டாக்டரம்மா மொதல்ல இருமுனாங்க. அப்புறம், 'விழித்திரை ஒட்டிருக்கு'ன்னாங்க. அப்புறம் ஒரு பேப்பரப் பாத்தாங்க. அது வேற ஆளு பேப்பர், அதைக் கீழ வச்சாங்க. 'ஆனா பழைய பார்வை பூரா வராது'ன்னாங்க. நான் 'எவ்ளோ வரும்'னு கேட்டேன். 'இப்பச் சொல்ல முடியாது, மெதுவா வரும், ஆறு மாசம் ஒரு வருசம் ஆகும்'னாங்க. நான் 'வாத்தோட நெறம் தெரியுமா'ன்னு கேட்டேன். 'என்ன வாத்து'ன்னாங்க. நான் சொன்னேன். 'வாத்து தெரியும், நெறம் சந்தேகம்'னாங்க. அப்புறம் அவங்களுக்குப் போன் வந்துச்சு. எடுத்துப் பேசுனாங்க. சாப்பாடு வாங்கிட்டு வர்றியான்னு கேட்டாங்க, அது அவங்க வீட்டுக்காரர்னு நெனைக்கிறேன். பேசிட்டு, 'திரும்பப் பிரியவும் வாய்ப்பு இருக்கு, கனமாத் தூக்கக் கூடாது'ன்னாங்க. போயிட்டாங்க. அவ்ளோதான்."

 ஷியாவ்ஹூ வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் தரையைப் பார்த்தார்.

"இவ்ளோ கேவலமா ஒருத்தர் கத சொல்லி நான் கேட்டதே இல்ல" என்றார் பெங். கட்டுக்குக் கீழே கன்னம் ஈரமாகிக்கொண்டிருந்தது. "மொதல்லேர்ந்து இன்னொரு தடவ சொல்லு."